மாடல் சொன்ன எண் நடக்கவில்லை, அப்புறம் எதற்கு மாடல்?

ஜூன் 2, காலை (கேள்வி)

தொற்றுநோய்க்கு மாடல், அதாவது நோய் எப்படிப் பரவும், எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு, போடுகிறவர்களை இனி யாரும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. 2014இல் எபோலா வந்தபோது லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் சேர்த்து 14 லட்சம் பேருக்கு வரும் என்றார்கள். கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கவே 28,600 சொச்சம்தான். 2020 மார்ச்சில் பிரிட்டனில் 5,10,000 பேர் சாவார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது. வானிலைக்காரர்கள்கூட இவ்வளவு தப்பாகச் சொல்வதில்லை. இந்தக் கணக்கெல்லாம் வேலைக்கு ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில் பதில் போதும்.

ஜூன் 2, இரவு

ஆகும். ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இனி வருவது மற்றவர்களுக்கு.

அந்த 14 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை அது. இப்போது இருக்கிற நிலைமை மாறாமல் அப்படியே போனால் 2015 ஜனவரி 20க்குள் 5.5 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. பதிவாகாமல் போகிறவர்களையும் சேர்க்க அதை 2.5ஆல் பெருக்கினார்கள், 14 லட்சம் ஆயிற்று. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது: நோயாளிகளில் 70% பேரைச் சிகிச்சை மையத்திலோ, தொற்று பரவாத வேறு ஏற்பாட்டிலோ வைத்து, இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தால் நோய் இறங்கத் தொடங்கும் என்று. முதல் கணக்கு தலைப்புச் செய்தி ஆனது. இரண்டாவது ஆகவில்லை. படுக்கைகளும் அடக்கக் குழுக்களும் வந்து சேர்ந்தன, ஊர் மக்களே சடங்குகளை மாற்றிக்கொண்டார்கள், நோய் இறங்கியது.

5,10,000மும் அப்படித்தான். யாரும் எதுவும் செய்யாமல், யாரும் தன் நடவடிக்கையை மாற்றாமல் இருந்தால் என்ற நிபந்தனைக்கு உட்பட்ட எண் அது.

வானிலையோடு ஒப்பிட்டீர்களே, அங்கேதான் வித்தியாசம். மழை வரும் என்று சொன்னதைக் கேட்டு மேகம் கலைந்துபோவதில்லை. மனிதர்கள் கலைந்துபோவார்கள்.

ஜூன் 3, காலை

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தால் அது ரொம்ப வசதியான பதிலாகப் படுகிறது. "நிபந்தனை வைத்துத்தானே சொன்னேன்" என்று எவரும் தப்பித்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாவிட்டால் என்கிற உலகம் எப்போதும் வரப்போவதில்லை என்றால், அந்த எண்ணைத் தப்பு என்று காட்டவும் வழி இல்லை. தப்பு என்று காட்ட வழியே இல்லாத எண்ணுக்கு என்ன மரியாதை? கேள்வி கேட்டவர் பக்கம் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

நான் சில காலம் ஒரு சுகாதார அலுவலகத்துக்கு வாராந்திர மதிப்பீடு தயாரித்துக் கொடுக்கும் குழுவில் இருந்தேன். நாங்கள் எப்போதும் நடுவில் ஒரு கோடு, சுற்றிலும் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை என்றுதான் படம் வரைவோம். பட்டை போகப்போக அகலமாகும், வாரம் நான்கு தாண்டினால் அதில் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். ஒரு கூட்டத்தில் அதிகாரி படத்தைக் கையில் எடுத்து, பட்டையின் மேல் விளிம்பைப் பேனாவால் வட்டமிட்டு, "இதுதானே நம்பர்?" என்றார். இல்லை சார், அது ஓரம் என்றோம். "சரி, எனக்கு ஒரு நம்பர் வேண்டும், இதையே வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அந்த எண் வரவில்லை. மாடல் தோற்றது என்று சொன்னவரும் அவர்தான்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? படுக்கை ஆர்டர் செய்கிறவருக்கு "300லிருந்து 4,000 வரை" என்பது பதிலே இல்லை. ஆனால் அது நேர்மையான பதில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தத் தொழில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 3, மாலை

அடிப்படையைச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சுருக்கமாக.

மக்களை மூன்று பெட்டிகளில் போடுங்கள்: இன்னும் நோய் வராதவர்கள், இப்போது பரப்புகிறவர்கள், வந்து முடிந்தவர்கள். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வேகம் இரண்டு பெட்டியின் அளவையும் பொறுத்தது. பரப்ப ஆளும் வேண்டும், வாங்கிக்கொள்ள ஆளும் வேண்டும், ஆகவே பெருக்கல். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது தானாக நடக்கும். மூன்று பெட்டிகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு எஸ்ஐஆர் என்று பெயர். கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் 1927இல் எழுதினது. யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பது ஆர் நாட். அது 1க்கு மேல் என்றால் நோய் ஏறும், கீழே என்றால் அணையும். தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை என்பது வழக்கமாகச் சொல்லும் எண், அதனால்தான் அதற்குத் தடுப்பூசி 92, 94% பேருக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. 1ஐ ஆர் நாட் என்ற எண்ணால் வகுத்து, வருவதை 1லிருந்து கழித்தால் இது வரும்.

மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர், கசௌலியில் வேலை பார்த்தவர். கெர்மாக் வேதியியல்காரர், 1924இல் ஆய்வகத்தில் நடந்த விபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்கு அப்புறம் எழுதியதுதான் இந்த 1927 கட்டுரை. தாளைப் பார்க்காமல் மனதிலேயே தொகையீடு செய்திருக்கிறார் மனிதர். எனக்குக் கண்ணிருந்தும் கழித்தல் குறி தொலைந்துபோகிறது.

ஜூன் 4

1927 கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிட்டு பம்பாயைச் சொல்லாமல் விட முடியாது.

அதில் ஒரு படம் இருக்கிறது. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாய்த் தீவில் பிளேக்கில் வாரம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று புள்ளிகள், அதன்மேல் சூத்திரத்தின் கோடு. மணி வடிவம், அப்படி ஒரு பொருத்தம். பாடநூல்களில் "பாருங்கள், கணிதம் எப்படி வேலை செய்கிறது" என்று இதைத்தான் காட்டுவார்கள். எனக்கும் வகுப்பில் அப்படித்தான் காட்டினார்கள், நானும் அசந்துபோனேன்.

ஆனால் அது என்ன நோய்? பம்பாயில் பரவியது எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்த பிளேக். மனிதரிடமிருந்து மனிதருக்கு என்று பெட்டி போட்ட சூத்திரம் அங்கே எப்படிப் பொருந்தும்? அதுவுமில்லாமல் அந்த பிளேக் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே மாதங்களில் வந்து அதே மாதங்களில் போனது. 1906 ஜூலையில் நோய் அடங்கியதற்குக் காரணம் ஆட்கள் தீர்ந்துபோனது என்கிறது சூத்திரம். பருவம் மாறியது என்கிறது வருடாவருடப் பதிவு. 2012இல் நிக்கொலா பகாயேர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் இதை விரிவாகப் பிரித்துப் போட்டார்: அந்தக் கோட்டுக்குள் இருக்கும் அளவுகளைத் திருப்பி எடுத்தால் நடைமுறையில் நம்ப முடியாத மதிப்புகள் வருகின்றன, பருவ மாற்றத்தைச் சேர்த்தால்தான் கதை சரியாகிறது என்று.

மூலக் கட்டுரைக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தங்கள் அனுமானங்கள் எதுவும் கறாராகப் பொருந்தாது, இது வெறும் தோராயம் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். படத்தை எடுத்துப் போட்டவர்கள் அந்த வரியை எடுத்துப் போடவில்லை.

கேள்வி கேட்டவருக்கு என் வழியில் சொல்வது இது: எண் நடக்கவில்லை என்பதற்காக மாடலைத் தூக்கிப் போட்டால், எண் நடந்துவிட்டால் மாடலை நம்பிவிடுவீர்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

ஜூன் 4, இரவு

"ஏறினால் இறங்கத்தானே வேண்டும், மணி வடிவத்தை வரைந்துவிட்டால் போதுமே, பெட்டி எல்லாம் எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த யோசனைக்கு வயது 150க்கு மேல். வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலப் புள்ளியியலாளர் 1866இல் பிரிட்டனில் மாட்டுக் கொள்ளைநோய் நாடே அழிந்துவிடும் என்கிற அளவுக்குப் பரவிக்கொண்டிருந்தபோது, ஏறும் வேகம் குறைகிறது, ஆகவே சீக்கிரம் இறங்கும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இறங்கியது. 1990இல் அதே முறையை எடுத்து அமெரிக்காவில் எய்ட்ஸுக்குப் போட்டார்கள்: உச்சம் 1988இலேயே வந்துவிட்டது, மொத்தம் 2 லட்சம் பேரோடு அடங்கும் என்று வந்தது. அது எவ்வளவு தூரம் தவறிப்போனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே வளைகோடு, ஒருமுறை ஹீரோ, ஒருமுறை கோமாளி. உள்ளே நோய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு இடமே இல்லாத சூத்திரம், எப்போது பலிக்கும் எப்போது பலிக்காது என்பதையும் சொல்லாது.

ஜூன் 6

அனுமானம் அனுமானம் என்று சொல்கிறேனே தவிர, அது எண்ணை எவ்வளவு ஆட்டும் என்று காட்டவில்லை. ஒரு கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். இது தரவு, இதில் சண்டை இல்லை. நாள் வளர்ச்சி வீதம் 0.231. ஒருவருக்கு வந்ததற்கும் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதற்கும் சராசரி இடைவெளி 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆர், அதாவது ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது, எவ்வளவு? பெட்டிக் கணக்குப்படி, அதாவது சிலர் உடனே கொடுப்பார்கள் சிலர் ரொம்ப நாள் கழித்து என்றால், 1 கூட்டல் 0.231 பெருக்கல் 5: 2.16. எல்லோரும் கச்சிதமாக 5ஆம் நாள்தான் கொடுப்பார்கள் என்றால், e என்ற எண்ணை (சுமார் 2.718) 0.231 பெருக்கல் 5 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: 3.17.

ஒரே தரவு, ஒரே சராசரி. இடைவெளி எப்படிச் சிதறியிருக்கிறது என்பது மட்டும்தான் வேறு. ஒருவர் தடுப்பூசி இலக்கு 54% என்பார், இன்னொருவர் 68% என்பார், இரண்டு பேரும் கணக்கில் தப்பு செய்யவில்லை. உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் வந்தது என்று ஜோடி ஜோடியாக விசாரித்த பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது வீடு வீடாகப் போகிற களப் பணியாளர். கட்டுரையில் பெயர் வருவது கடைசிச் சமன்பாட்டை எழுதினவருக்கு.

ஜூன் 7

"அப்போ இது ஜோசியம்தான்."

ஜோசியர் தன் அனுமானங்களை எழுதிக் கொடுத்தால் அவரிடமும் இதே மாதிரி சண்டை போடலாம்.

ஜூன் 8

மேலே ஒருவர் "ஆர் நாட் 2 என்றால் பாதிப் பேருக்கு வந்ததும் நின்றுவிடும்" என்று எழுதியிருக்கிறார். நிற்காது. பாதிப் பேருக்கு வரும் அந்த நேரம்தான் உச்சம். அதற்கு அப்புறம் ஒருவர் ஒருவருக்கும் குறைவாகத்தான் கொடுப்பார், உண்மை, ஆனால் கொடுக்கிற நிலையில் அப்போது எக்கச்சக்கமான பேர் இருப்பார்கள். அவர்கள் கொடுத்து முடிப்பதற்குள் 80% வந்துவிடும். ஆர் நாட் 1.5 என்றால் வாசல், அதாவது நோய் இறங்கத் தொடங்கும் அளவு, 33%, போய் நிற்கும் இடம் 58%. இந்த இடைவெளியைத்தான் 2020இல் விவாதித்த பல பேர் கவனிக்கவே இல்லை. தடுப்பூசியால் வாசலை எட்டுவதும், நோயை ஓடவிட்டு எட்டுவதும் ஒன்று என்று பேசினார்கள். ஓடவிட்டால் வாசலில் நிற்காது.

இதுவும் எல்லோரும் எல்லோரோடும் ஒரே மாதிரி கலக்கிறார்கள் என்ற அனுமானத்தில்தான். அதை விட்டால் இரண்டு எண்ணும் பொதுவாகக் குறையும்.

ஜூன் 9

சராசரியைப் பற்றி ஒரு புலம்பல். ஆர் நாட் 2 என்றதும் ஆளுக்கு இரண்டு பேர் என்று மனதில் படம் வரும், நோய்ப் பரவலை விளக்கும் மரப் படங்கள் எல்லாம் அப்படித்தான் வரைந்திருக்கும். 2003இல் பரவிய சார்ஸ் என்ற சுவாச நோயில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தரவை வைத்து 2005இல் ஒரு குழு கணக்கிட்டது: ஆட்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அளக்கும் கே என்ற எண் 0.16. எண் சிறியதாக இருந்தால் ஏற்றத்தாழ்வு பெரியது. அந்த கேயை வைத்து, ஆர் 2 என்று போட்டுப் பாருங்கள்: மூன்றில் இரண்டு பேர் யாருக்குமே கொடுக்கமாட்டார்கள். சுமை முழுக்க மீதிப் பேர் தலையில், அதிலும் சிலர் தலையில். ஏற்றத்தாழ்வே இல்லை என்றால் யாருக்கும் கொடுக்காதவர்கள் 14% கூட வராது.

இதிலிருந்து வருகிற ஒரு விளைவு எனக்கு இன்னமும் விசித்திரமாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன நோயோடு ஒருவர் புதிய ஊருக்குள் வந்தால், தடுப்பு எதுவும் இல்லாமலே, நூற்றுக்கு 84 முறை அது தானாக அணைந்துபோகும். ஆர் 2 ஆக இருந்தும். மீதி 16 முறையில் பற்றிக்கொண்டால் வேகமாகப் பற்றும். ஆகவே "பக்கத்து ஊரில் ஒன்றுமே செய்யவில்லை, அங்கே நோய் வரவில்லை, இங்கே கட்டுப்பாடு போட்டோம், வந்துவிட்டது" என்று யாராவது வாதம் செய்தால் எனக்குப் பதில் சொல்லக் கை பரபரக்கும். ஒரு ஊரை வைத்து எதையும் சொல்ல முடியாது.

யாரிடமிருந்து இவருக்கு வந்தது என்று பின்னோக்கிப் போய் விசாரிப்பதன் பலனும் இங்கேதான். ஒரு நோயாளியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அவருக்குக் கொடுத்தவர் நிறைய பேருக்குக் கொடுத்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஜூன் 11

நான்காம் தேதி பம்பாயை வைத்து, பொருத்தம் என்பது சாட்சி இல்லை என்று அடித்துச் சொன்னேன். அதே மெக்கெண்ட்ரிக் செய்த இன்னொரு கணக்கு அதற்கு எதிர்சாட்சி. 1926இல் வந்தது, பல வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் பிடித்த அட்டவணை எது என்றால் இதுதான், ஐந்தே எண்கள்.

இந்தியாவில் ஒரு கிராமம், காலரா. 223 வீடுகள். யாருக்கும் வராத வீடு 168. ஒருவருக்கு வந்த வீடு 32. இரண்டு பேருக்கு 16. மூன்று பேருக்கு 6. நான்கு பேருக்கு 1. மொத்த நோயாளிகள் 86.

முதலில் தோன்றுவதைச் செய்யுங்கள். 86 பேரை 223 வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தூவினால், தற்செயலாகச் சிதறுவதற்கான பாய்சான் கணக்குப்படி ஒருவர் உள்ள வீடு 58 அல்லது 59 வர வேண்டும், மூன்று பேர் உள்ளது ஒன்றோ இரண்டோ, நான்கு பேர் உள்ள வீடே வரக் கூடாது. பொருந்தவில்லை. காலி வீடும் அதிகம், நெரிசல் வீடும் அதிகம்.

மெக்கெண்ட்ரிக் காலி வீடுகளை நம்பவில்லை. அந்த 168இல் இரண்டு வகை கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்: ஆபத்தே எட்டாத வீடுகள், ஆபத்து எட்டியும் தப்பித்த வீடுகள். சரி, 168ஐ மறைத்துவிட்டு மீதி நான்கு எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால்? 86ஐ வர்க்கப்படுத்தினால் 7,396. ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 166, அதில் 86 போக 80. 7,396ஐ 80ஆல் வகுத்தால் 92.45. அதாவது ஆபத்து எட்டிய வீடுகள் சுமார் 93. 93 வீட்டில் 86 பேரைத் தூவிப் பாருங்கள்: ஒருவர் உள்ள வீடு 34, இரண்டு 16, மூன்று 5, நான்கு 1. உண்மையில் இருந்தது 32, 16, 6, 1. தப்பித்த வீடுகள் 37 வாக்கில், மற்ற 130 வீடுகள் இந்த விளையாட்டிலேயே இல்லை.

இதோடு நின்றிருந்தால் இதுவும் ஒரு பம்பாய்தான். அவர் நிற்கவில்லை. நோய் தண்ணீரில் வந்திருக்க வேண்டும், ஊரில் பல கிணறுகள் இருக்க வேண்டும், 93 வீட்டுக்காரர்கள் ஒரே கிணற்றில் எடுத்திருக்க வேண்டும், அது கெட்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார். விசாரித்தபோது அப்படி ஒரு கிணறு இருந்தது, ஊரில் ஒரு பகுதியினர் அதில்தான் தண்ணீர் எடுத்திருந்தார்கள்.

பம்பாய்க் கோடு எங்கேயும் போய்ப் பார் என்று சொல்லவில்லை. இந்த 93 சொன்னது.

ஜூன் 11, இரவு

நல்ல ஆட்சேபம் ஒன்று வந்திருக்கிறது: ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவினாலும் காலி வீடு அதிகமாகவும் நெரிசல் வீடு அதிகமாகவும்தானே வரும், கிணறு எதற்கு?

உண்மை. ஐந்து எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கிணற்றைப் போய்ப் பார்த்ததால்தான் பிரிந்தது. வீட்டுக்குள் பரவல் கொஞ்சம் இருந்திருந்தால் 93 என்பதும் உண்மையைவிடக் குறைவாக வந்திருக்கும். இதை எழுதியவர் கடைசியில் ஒரு சிரிப்பும் போட்டிருந்தார், சிரிக்கட்டும், கேள்வி சரி.

ஜூன் 12

தரவு பற்றிப் பேசாமல் இந்த இழையை ஓட்டுகிறீர்கள் என்று குறை. நியாயம்தான்.

தினசரி நோயாளி எண்ணிக்கைப் படம் எதை வேண்டுமானாலும் எடுங்கள், கடைசிச் சில நாட்கள் எப்போதும் இறங்கித்தான் இருக்கும். நோய் இறங்குவதால் இல்லை. இன்று காய்ச்சல் வந்தவர் நாளை மறுநாள் பரிசோதனைக்குப் போவார், முடிவு அதற்கு அப்புறம் வரும், பதிவேட்டில் ஏறுவது இன்னும் தள்ளி. அலுவலகத்தில் இருந்த நாட்களில் ஒவ்வொரு வாரமும் யாராவது போன் செய்து "இறங்குது போல இருக்கே, நல்ல செய்திதானே?" என்பார்கள். அந்தக் கடைசிப் பட்டைகளைச் சாம்பல் நிறத்தில் போட்டுப் பார்த்தோம். "ஏன் சாம்பல்?" என்று போன் வந்தது. வெட்டிவிட்டோம். "புது தரவு எங்கே?" என்று போன் வந்தது.

கெட்டிக்காரத்தனமாக, இதுவரை வந்த பதிவுகளின் சராசரித் தாமதத்தைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம் என்று தோன்றும். பரவல் ஏறும்போது அதுவும் ஏமாற்றும். தாமதம் குறைவான பதிவுகள்தான் இதுவரை வந்து சேர்ந்திருக்கும், நீண்ட தாமதக்காரர்கள் இன்னும் வழியில். சராசரி உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும்.

மரண விகிதமும் இதே குழியில் விழும். 2003 சார்ஸில் தொடக்கத்தில் 4% வாக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இறந்தவர்களை நோயாளிகளால் வகுத்தது. ஆனால் அன்று படுக்கையில் இருந்தவர்கள் பிழைப்பார்களா என்று அன்று தெரியாது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 14, 15% என்று திருத்தியது. பழைய நேர் வகுத்தலைக் கடைசி வரை கொண்டுபோனால் 8,096இல் 774, அதாவது 9.6%. கிருமி மாறவில்லை, வகுத்த நேரமும் வகுத்த விதமும்தான் மாறின.

ஜூன் 14

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொசுவைப் பற்றி ஒருவர் கேட்டார்.

ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர், 1902இல் நோபல். அதற்கு அப்புறம் அவர் செய்த கணக்கு வேலையை அவரே பெரிதாக நினைத்தார் என்று படிக்கும்போது தோன்றும். அன்றைய வாதம்: கடைசிக் கொசுவரை ஒழிக்க முடியாது, ஆகவே கொசு ஒழிப்பு வீண். ராஸ் சமன்பாடு எழுதிக் காட்டினார்: ஒழிக்க வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் மலேரியா தானே அணையும். அளவு என்ன என்பதைவிட, அப்படி ஓர் அளவு இருக்கிறது என்பதே அன்று பெரிய செய்தி.

1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற மலேரியா ஆய்வாளர் இன்னொரு படி போனார். கொசு ஒருவரைக் கடித்து, கிருமி அதற்குள் முதிரப் பத்து நாள் வாக்கில் உயிரோடு இருந்து, பின் இன்னொருவரைக் கடிக்க வேண்டும். கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பரவும் திறன் பாதியாகும். ஆனால் ஒரு நாள் பிழைத்திருக்கும் வாய்ப்பை 90%லிருந்து 80%க்கு இறக்கினால்? ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். பத்து நாளையும் தாண்டும் கிழட்டுக் கொசுக்கள்தான் ஆபத்து, அவை மளமளவென்று குறைந்துவிடும். குட்டையில் புழுவைக் கொல்வதைவிட, சுவரில் உட்காரும் வளர்ந்த கொசுவைக் கொல்லும் மருந்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் வந்தது என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மருந்துக்குக் கொசு பழகிப்போகும் என்பது சூத்திரத்தில் இல்லை. அது வேறு கதை.

கவனியுங்கள், இங்கே எத்தனை பேருக்கு மலேரியா வரும் என்று யாரும் எண் சொல்லவே இல்லை. எந்தக் கைப்பிடியைத் திருகினால் அதிகம் நகரும் என்பதுதான் பதில்.

ஜூன் 15

"கணக்கு சொல்லிவிட்டால் அரசு செய்ய வேண்டியதுதானே" என்பவருக்கு. 1760இல் டேனியல் பெர்னூலி என்ற கணிதவியலாளர், பெரியம்மைப் புண்ணின் சீழையே எடுத்துக் குத்திக்கொள்ளும் அன்றைய முறையை எடைபோட்டார்: பெரியம்மை இல்லாவிட்டால் சராசரி ஆயுள் 26 வருடம் 7 மாதத்திலிருந்து 29 வருடம் 9 மாதமாகும். குத்துவதிலேயே சிலர் உடனே சாவார்கள், அதையும் பார்த்துவிட்டு லாபம்தான் என்றார். தலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் மறுத்தார்: மூன்று வருடம் கூடுவது எப்போதோ, சாவது இந்த மாதம், இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பீர்கள்? கணக்கில் ஓட்டை இல்லை, ஆட்சேபத்திலும் இல்லை. தன் குழந்தைக்குக் குத்தலாமா என்று யோசிக்கிற தாய்க்கு எந்தச் சமன்பாடு கொடுப்பது?

ஜூன் 18

கேள்வி கேட்டவரே ஒரு வாரமாக உட்கார்ந்து எஸ்ஐஆர் எழுதி, ஒரு பழைய பரவலின் தொடக்க வாரங்களோடு பொருத்தி, படம் போட்டிருக்கிறார். "பாருங்கள், என் கோடு புள்ளிகள்மேல் அப்படியே உட்காருகிறது, மொத்தம் 58% பேருக்கு வரும்" என்கிறார். யாரையும் நம்பக் கூடாது என்று ஆரம்பித்தவர்!

நண்பரே, உங்கள் கோடு நன்றாக இருக்கிறது. நோய் பரப்பும் காலம் 5 நாள் என்று போட்டிருக்கிறீர்கள், நாள் வளர்ச்சி 0.1, ஆர் 1.5 வந்திருக்கிறது. இப்போது அந்த 5ஐ எடுத்துவிட்டு 10 என்று போட்டு மறுபடி பொருத்துங்கள். கோடு புள்ளிகள்மேல் இதே அளவுக்கு அழகாக உட்காரும். ஆர் 2 ஆகும், மொத்தம் 80% ஆகும். தொடக்க வாரங்களுக்கு, தொற்றும் வேகத்துக்கும் குணமாகும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும், இரண்டும் தனித்தனியாகத் தெரியாது. 5 என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள், அது எத்தனை பேரைப் பார்த்து எழுதியது என்று தேடிப் பாருங்கள். இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் போட்டு இங்கே ஏற்றுங்கள். கடைசிச் சில நாட்களை வெட்டிவிட்டுப் பொருத்துங்கள், பன்னிரண்டாம் தேதிக் குறிப்பில் காரணம் இருக்கிறது.